ஒன்பது மீட்டர்

மேடு ஒன்பது மீட்டர் முன்னால் வந்திருந்தது. வாயருகே கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டு வசுமதி லேப்டாப் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். வெயிலின் பளபளப்பாக இருக்கலாம், மூக்குக்கண்ணாடியைத் துடைக்காததாக இருக்கலாம். துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோதும் மேடு அங்கேயேதான் இருந்தது, இருக்கக்கூடாத இடத்தில். மணி ஒன்று இருபது. பந்தயம் இரண்டரைக்கு. கூடாரத்தின் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று, காலையில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் எழுந்து வரும். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. சிவப்புக் கோடு, லோகநாதன் போன வருடம் அந்த விபத்துக்கு முன்னால் இதே தடத்தில் ஓட்டிய மிகச் சிறந்த சுற்று. நீலக் கோடு, இன்று காலை அவனே ஓட்டியது. காரின் வயிற்றுக்குள் சோப்பு டப்பா அளவில் உட்கார்ந்திருக்கும் கருவி, எவ்வளவு வேகம், பிரேக்கை எவ்வளவு அழுத்தினான், ஆக்சிலேட்டரை எப்போது விட்டான், கார் எங்கே எவ்வளவு குலுங்கியது என்று நொடிக்கு நூறு தடவை எழுதிவைத்துக்கொள்ளும். ஓடி முடித்ததும் ஒயரைச் சொருகி அதையெல்லாம் இறக்கிக் கோடாக்கி, பழைய கோட்டின்மேல் புதிய கோட்டை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. பத்திரிகைக்காரர்கள் டெலிமெட்ரி என்று எழுதுவார்கள். அணியில் டேட்டா என்பார்கள். தலைமை மெக்கானிக் இப்ராகிம் பாய் மட்டும் ஜாதகம் என்பார். பின்பக்க ஷாக் அப்சார்பர் தட்டுகிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்த இப்ராகிம் பாய்தான் கேட்டிருந்தார். அதற்காகத்தான், சாப்பிட்டுக்கொண்டே, வழக்கமாகத் திறக்காத குலுங்கல் கோட்டைத் திறந்தாள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் திரும்பும் தொட்டி வளைவுக்கு ஐம்பது மீட்டர் முன்னால், சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் தார் லேசாகப் புடைத்திருக்கும். எந்தக் கார் போனாலும் அங்கே ஒரு துள்ளு துள்ளும். கோட்டில் அது ஊசி மாதிரி எழும். சிவப்பில் அந்த ஊசி புறப்படும் கோட்டிலிருந்து தொள்ளாயிரமாவது மீட்டரில் நின்றது. நீலத்தில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில். ஒரே சாலை, ஒரே மேடு. ஒரு வருடத்தில் மனிதன் மாறலாம், அவன் கால் மாறலாம். மேடு எப்படி நடந்து வரும்?

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது வேறு, புரிந்ததாக ஒப்புக்கொள்வது வேறு. நடுவில் சில நிமிடங்கள் கிடைக்கும், அந்த நிமிடங்களில் மனது எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கும். காலை இட்லியைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது மணி, தகுதிச் சுற்று முடிந்து லோகு மூன்றாவதாக வந்திருந்தான், இதே மேசையைச் சுற்றி நின்று எல்லோரும் சாப்பிட்டார்கள். முதலாளி தேவராஜன் கையில் காகிதத் தட்டோடு, இன்னொரு கையால் சட்னி வாளியை லோகுவின் பக்கம் தள்ளினார். அந்த அன்பும் ஒரு விசாரணைதான். கோவையில் அவருக்குப் பம்புசெட் ஃபவுண்டரி. வார்த்த இரும்பைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சத்தத்திலேயே தெரியும், ஆளைத் தட்டிப் பார்க்க முடியாதில்லீங்க, அதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன் என்று அவளிடம் எப்போதோ சொன்னார். விரிசல் இருக்கிறதா என்பதுதான் இந்த வாரம் முழுக்க அவருடைய கேள்வி. லோகுவுக்கு முப்பத்துமூன்று வயது. விபத்துக்குப் பிறகு இது இரண்டாவது பந்தயம். அவன் இடத்துக்கு ஈரோட்டில் ஒரு பையன், இருபத்திரண்டு வயது, நல்ல வேகம் என்று கேள்வி. சாயங்காலத்துக்குள்ள ஒரு வரியில சொல்லுங்க, பயந்துட்டானா இல்லையா என்று முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார். அவள் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. இட்லிக்கே சொல்லிவிட்டாள்.

“லோகு, முதல் வளைவுல மூணு மீட்டர் முன்னாடியே பிரேக் பிடிக்கற. தொட்டி வளைவுல ஒன்பது. கடைசி வளைவுல பத்தொன்பது.”

“இல்லீங்க்கா. நான் அதே நூறு போர்டுலதான் பிடிக்கறேன். போர்டு தாண்டறப்ப கால் வெக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?” வளைவுக்கு நூறு மீட்டர் இருக்கிறது என்று காட்டத் தடத்தோரம் நட்டிருக்கும் பலகையைச் சொன்னான்.

“கோடு அப்படிச் சொல்லல.”

“அப்படின்னா என்னங்க அர்த்தம்?” என்று முதலாளி கேட்டார், லோகுவைப் பார்க்காமல்.

அர்த்தத்தை அவள் தயாராக வைத்திருந்தாள். தவறான எண் ஒன்றைச் சொல்லியிருந்தால் தவறான எண்ணோடு போயிருக்கும். அவள் கதை சொன்னாள். முதல் வளைவில் மூன்றுதான், ஏனென்றால் அங்கே அவனுக்குப் பயம் இல்லை. அடிபட்ட இடம் நெருங்க நெருங்கக் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது, அதனால் ஒன்பது. தாண்டிய பிறகும் உதறல் அடங்கவில்லை, அதனால் சுற்று முடிகிறவரை கூடிக்கொண்டே போகிறது. மறுபடி நேர்ச்சாலைக்கு வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறான். “பயம்தான் சார். அவனுக்கே தெரியாத பயம்.” சொல்லும்போது குரலில் ஒரு இனிப்பு இருந்தது, அது அவளுக்கு நினைவிருக்கிறது. ஒரு மனிதனுக்குள் அவனுக்கே தெரியாததை வெளியே இருந்து பார்த்துவிட்ட இனிப்பு. லோகு இட்லியைச் சட்னியில் தோய்த்தான். பிறகு, “சரிங்க்கா. மதியம் நூறைத் தாண்டி ரெண்டு கார் நீளம் தள்ளிப் பிடிக்கறேன். போதுமா?” என்றான். அவள் “போதும்” என்றாள்.

போதும். அந்தச் சொல்லை அவள் எத்தனை சாதாரணமாகச் சொன்னாள், காபிக்குச் சர்க்கரை போதும் என்பதுபோல. டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திறந்து மறுபடி மூடினாள். கூடிக்கொண்டே போகும் வித்தியாசம். நூறு மீட்டருக்கு ஒன்று, தொள்ளாயிரத்துக்கு ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் பத்தொன்பது. நூற்றுக்கு ஒன்று, பிசகாமல் நூற்றுக்கு ஒன்று. எந்தப் பயம் இப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வளரும்? பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும் இது விகிதம் என்று. அளவுகோலே நூற்றுக்கு ஒன்று குறைந்து கிடக்கிறது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று மட்டும்தான் கருவி எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நீளம் என்பதை வசுமதிதான் உள்ளே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. டயரில் அடிப்பக்கம் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு, காரைக் கையால் தள்ளி டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும்போது இன்னொரு கோடு, நடுவில் டேப் வைத்து அளப்பது. டயர் மாறினால் உருட்ட வேண்டும். அதில் சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை, குனியத் தெரிந்தால் போதும். வெள்ளிக்கிழமை உருட்டினார்கள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நாலு மில்லிமீட்டர். ஆனால் அன்று காரில் இருந்தது போன வருடத்துப் பழைய டயர், இந்த வருடத்துக்கான புது டயர் வந்த லாரி அவிநாசிக்கு அப்பால் எங்கோ நின்றுவிட்டிருந்தது. சனிக்கிழமை காலை டயர் வந்தது, கூடவே மழையும். எல்லாரும் நனைந்துகொண்டே மாட்டினார்கள். உருட்டணுமே பாய் என்று அவள் கேட்டாள், கேட்டது நிச்சயம். ஈரத்துல சாக்பீஸ் எங்கீங்க மேடம் ஒட்டும், நாளைக்கிப் பாத்துக்கலாம் என்றார் அவர். நாளை என்பது இன்று. இன்று காலை ஏழு மணிக்குத் தரை காய்ந்துதான் கிடந்தது.

அம்மாவின் இன்ச் டேப் ஞாபகம் வந்தது, தேவையில்லாமல். சிங்காநல்லூரில் வாசலோரம் தையல் மிஷின் போட்டிருந்த அம்மா, கழுத்தில் எப்போதும் தொங்கும் மஞ்சள் ரெக்சின் டேப். ஒரு தீபாவளிக்கு வந்த ரவிக்கைகள் எல்லாம் பிடிக்கிறது, பிடிக்கிறது என்று திரும்பி வந்தன. அம்மா முதலில் தெருப் பெண்கள் எல்லாருமே சதை போட்டுவிட்டதாகத்தான் முடிவு செய்தாள். ரேஷனில் இந்த வருசம் பாமாயில் அதிகம் என்று காரணமும் சொன்னாள். பிறகு புது டேப் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, பழையது இழுபட்டு இழுபட்டு நீண்டிருந்தது, முப்பத்தாறை முப்பத்தைந்து என்று காட்டிக்கொண்டிருந்தது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. இரவோடிரவாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள், டேப்பைத் துண்டுதுண்டாக வெட்டி அடுப்பில் போட்டாள், ரெக்சின் நாற்றம் இரண்டு நாள் வீட்டில் இருந்தது. வசுமதிக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தக் காரணம் சொல்லும் வேகம்தான் ஞாபகம் வருகிறது. டேப் தப்பாக இருக்கும் என்று யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. உடம்புதான் தப்பு.

அறிகுறி இல்லாமல் இல்லை. லோகுவின் சுற்று நேரம் போன வருடத்தைவிட வெறும் பத்தில் இரண்டு பங்கு நொடிதான் அதிகம். எல்லா வளைவிலும் பயந்து பயந்து பிடிக்கிறவன் எப்படி இவ்வளவு நேரத்தில் வருவான் என்று அவளே ஒருமுறை நினைத்தாள், நினைத்த மறு நொடியே புது டயரின் பிடிமானம் காப்பாற்றுகிறது என்று பதிலும் வைத்துக்கொண்டாள். டயரின் பிடிமானம் மாறியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சுற்றளவு மாறியது தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் அவளைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. ‘எண்கள் பொய் சொல்லாது’ என்று தலைப்பு. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. எண்ணைக் கேட்கப் பழகணும் என்றோ என்னவோ சுமாராகத்தான் சொன்னாள், அந்த நிருபர் செதுக்கிவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆறே மாதத்தில் அவளே அதைச் சொல்ல ஆரம்பித்தாள், முதலில் கேலியாக, பிறகு கேலி இல்லாமல். பதினொரு வருடம். இந்தத் தடத்தில் ஆரம்பத்தில் அவளைப் பார்த்து டிரைவர்களின் சொந்தக்காரப் பெண் என்று நினைத்து நிழலில் உட்காரச் சொன்னவர்கள் உண்டு. அவர்களெல்லாம் இப்போது கூடாரத்து வாசலில் நின்று மேடம் வரலாமா என்று கேட்கிறார்கள். அந்த ‘வரலாமா’ போய்விடுமா? இதையா இப்போது நினைப்பது? மணி ஒன்று முப்பத்தைந்து.

அவளால் நினைக்காமல் இருக்க முடியாதது வேறு ஒன்று. போன வருடத்து அந்த விபத்தின் ஃபைல் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது, ஒரு தடவை திறந்ததோடு சரி. தொட்டி வளைவில், முன்னால் போன யாரோ ஒருவரின் காரிலிருந்து எண்ணெய் கொட்டியிருந்தது, யார் பிழையும் இல்லை. வேகக் கோடு ஒன்றேகால் நொடியில் சுவரிலிருந்து விழுந்த பல்லி மாதிரி கீழே விழுந்து பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் பிரேக் கோடு மட்டும் உச்சியிலேயே நின்றது. கார் தடத்தோரம் அடுக்கிய டயர்ச் சுவருக்குள் புகுந்து நின்றுவிட்டது, கணுக்கால் உடைந்துவிட்டது, அந்த உடைந்த காலால் அவன் நின்றுபோன காரின் பிரேக்கைப் பதினொரு நொடி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணிப் பார்த்தாள் ஒருமுறை. பதினொன்று எவ்வளவு நீளம் என்று எண்ணினால்தான் தெரியும். இப்போது கணக்கு அவள் விரும்பாமலே ஓடியது. தொட்டி வளைவுக்கு மணிக்கு நூற்று எண்பது கிலோமீட்டரில் வருகிறான். வளைவு தாங்குவது எண்பது. ஒன்பது மீட்டர் குறைவாகப் பிரேக் பிடித்தால் வளைவுக்குள் நுழையும்போது தொண்ணூற்றேழு. இது தனியாக, நல்ல சூட்டில் இருக்கும் டயரோடு. பந்தயத்தின் முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும், டேங்க் நிரம்பியிருக்கும், அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பார்கள், பாலக்காட்டுக் காற்று அந்தச் சாலையில் முதுகுப்பக்கமிருந்து தள்ளும். தகுதிச் சுற்றுக்குப் பிறகு காரை எடுக்க அனுமதி இல்லை. எனவே அந்த இரண்டு கார் நீளத்தை அவன் முதன்முதலாக முயன்று பார்க்கப்போவது இரண்டரை மணிக்குத்தான். டிரைவர்கள் சொல்வதையெல்லாம் செய்வதில்லை என்று ஒரு குரல். லோகு செய்வான் என்று இன்னொன்று. அவன் அக்கா என்று கூப்பிடுகிறவன்.

எழுந்தாள். இப்ராகிம் பாய் காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார், தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு.

“பாய், ஒரு நிமிசம். காரை உருட்டணும்.”

“ஏனுங் மேடம், ஜாதகத்துல சனி பெயர்ந்துட்டாருங்களா?” தொப்பியை எடுக்காமலே கேட்டார். சாக்பீஸ் டப்பா திறக்கும் சத்தம் அவரை எழுப்பியது. அவர் தள்ளினார், அவள் குனிந்து கோடு போட்டாள், டேப்பின் ஒரு முனையை அவர் காலால் மிதித்துக்கொண்டார். ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. அவர் உதடு அசைந்து கழித்துப் பார்த்தது.

“பதினெட்டு மில்லி” என்றார். பிறகு, “அப்ப காலையில லோகுவுக்குச் சொன்னது…”

“ம்.”

“நாந்தான மேடம் நாளைக்கின்னேன்.”

“நீங்க சொன்னீங்க. கேட்டுக்கிட்டது நான்.”

கூடாரத்துக்குள் திரும்பி எண்ணை மாற்றினாள். நான்கு இலக்கம், ஒரு பொத்தான். நீலக் கோடு ஒருமுறை நடுங்கிவிட்டு நகர்ந்து சிவப்பின்மேல் படுத்தது, ஊசிமேல் ஊசி, பிரேக்மேல் பிரேக், போர்வையை இழுத்து விட்டதுபோல. நூறு போர்டில்தான் பிடித்திருக்கிறான். எல்லா வளைவிலும், ஒருமுறை சாலையில் எலும்பு உடைந்த பிறகும், ஒரு அடி முன்பின் இல்லாமல் அதே இடத்தில். பார்க்க அழகாக இருந்தது. காலையில் இருந்த பொய்க் கோடு இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. அவள் சொல்லாவிட்டால் அது இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை, இப்ராகிம் பாயைத் தவிர, அவர் வாய் திறக்க மாட்டார். எண் சரியாகிவிட்டது. லோகு மட்டும்தான் இன்னும் பழைய எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் காற்று ஒரு யோசனையோடு வந்தது. தார்ப்பாய் அடித்துக்கொண்டது, காற்று என்று சொல்லலாமே. காத்து பின்னாடி தள்ளுது லோகு, பழைய நூறுலயே பிடிச்சுக்க. பொய்யும் இல்லை, காற்று அடிக்கத்தான் செய்கிறது. அவன் எலும்பு தப்பிக்கும், அவள் பெயரும் தப்பிக்கும். முதலாளியிடம் சொன்ன ‘பயம்’? அதைச் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கலாம். ஒரு வார்த்தையை எப்படித் தணிப்பது என்று தெரியவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதன் தம்பி இது என்று தோன்றியது, தோன்றியும் நடந்தாள்.

தடத்தில் பதினான்கு கார்களும் வரிசையில் நின்றன. லோகு மூன்றாவது இடத்தில், பச்சைக் காருக்குள், ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும். தலைக்குமேல் முதலாளியே குடை பிடித்துக்கொண்டிருந்தார், அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. காற்று குடையை மேற்கிலிருந்து கிழக்காக இழுத்தது, அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இப்ராகிம் பாய் பெல்ட்டை இறுக்கினார். வசுமதி குனிந்தாள்.

“லோகு, காத்து ஜாஸ்தியா இருக்கு. தொட்டி வளைவுல பின்னாடியிருந்து தள்ளும். பழைய நூறுலயே பிடிச்சுக்க.”

“காலையில தள்ளிப் பிடின்னீங்க.”

“காலையில காத்து இல்லையே.”

“எல்லாருக்குந்தானுங்க்கா காத்து அடிக்குது?” கண் அவளைப் பார்க்கவில்லை, நேராகச் சாலையைப் பார்த்தது. “இன்னிக்குக் காத்துக்குப் பயந்து நூறுல பிடிச்சேன்னா, சாயங்காலம் கோட்டைப் பாத்துட்டு என்ன சொல்லுவீங்க? அவனுக்கே தெரியாத பயம்னு சொல்லுவீங்க. வேண்டாங்க்கா. ரெண்டு கார் நீளம்னு சொன்னேன், ரெண்டு கார் நீளம்தான்.”

“அவன் சொல்றதும் ஞாயந்தானுங்களே” என்றார் முதலாளி குடையைப் பிடித்தபடியே. “தைரியமாப் போகட்டும் விடுங்க.”

ஐந்து நிமிடப் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய தைரியம் எதுவும் வரவில்லை. வேறு வழி ஒன்றும் கைவசம் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது, சுரங்கப் பாதையில் எதிரே வெளிச்சம் தெரிவதுபோல அல்ல, சந்து முட்டுச்சந்து என்று தெரிவதுபோல.

“லோகு, நீ பயப்படல.”

“என்னதுங்க்கா?”

“காலையில நான் சொன்னது தப்பு. புது டயர் பதினெட்டு மில்லி பெரிசு, நான் பழைய அளவையே போட்டு வெச்சிருந்தேன். நீ நூறுலதான் பிடிச்சிருக்க. போன வருசம் பிடிச்ச அதே இடத்துல, எல்லா வளைவுலயும். அந்த ஒன்பது மீட்டர் என்னுது. உன்னுது இல்ல.”

குடை ஒருமுறை ஆடியது. “எதுங்க தப்பு? மெசினா?” என்றார் முதலாளி.

“மெசின் இல்லீங்க சார். நான்.”

“எல்லா வளைவுக்குமா?”

“எல்லாத்துக்கும். கடைசில சொன்னனே பத்தொன்பது, அதுவும்.”

“நாந்தானுங்க முதலாளி, மழையில உருட்ட வேண்டாம்னு…” என்று இப்ராகிம் பாய் பெல்ட்டிலிருந்து தலையை எடுக்காமல் தொடங்கினார்.

“உங்ககிட்ட யாரும் கேக்கல பாய்” என்றாள் வசுமதி.

முதலாளி குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஈரோட்டுக்காரங்ககிட்டப் பேசிட்டனே” என்று கம்பியிடம் சொன்னார்.

ஹெல்மெட் திரும்பியது. பெல்ட் விட்ட அளவுக்குத்தான் திரும்ப முடிந்தது. “யாருகிட்டீங்க?”

“நீ ரோட்டைப் பாரு சாமி.”

லோகு ரோட்டைப் பார்த்தான். “அப்ப நான் பயப்படலீங்களாக்கா?” என்றான்.

“இல்ல.”

“இட்லி தின்னதுல இருந்து பயந்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டான். சிரித்தானா என்று தெரியவில்லை. அவள் கண்ணாடியைத் தட்டி, “நூறு” என்றாள். அவன் தலையசைக்கவில்லை. அந்த பெல்ட்டோடு தலையசைக்க முடியாது.

ஓட்டுகிறவர்களைத் தவிர எல்லாரும் வெளியேறும்படி விசில் ஊதினார்கள். தடத்தையும் கூடாரங்களையும் பிரிக்கும் பிட் சுவரோரம் வந்து நின்றபோது கையில் ஒன்றும் இல்லாதது விநோதமாக இருந்தது. லேப்டாப்பைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டாள், கொண்டு வந்தாலும் ஒன்றும் இல்லை, இந்த வகைக் காரில் ஓடும்போது எதுவும் வந்து சேராது, எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான். பதினொரு வருடத்தில் தொட்டி வளைவை அவள் எத்தனை முறை கண்ணால் பார்த்திருக்கிறாள்? அது வளைந்து முடிகிற இடம் மட்டும்தான் இங்கிருந்து தெரியும். நுழைகிற இடத்தைத் தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அந்த வளைவு எப்போதும் ஒரு பள்ளம், நீலமும் சிவப்பும் சேர்ந்து இறங்குகிற பள்ளம். இட்லி தின்றதிலிருந்து பயந்துகொண்டிருக்கிறான். அப்படியானால் இப்போது அது இருக்கிறது, காலையில் இல்லாதது. அவள் வைத்தது. எடுத்துவிட்டதாகச் சொல்லியாயிற்று, எடுபட்டதா என்று எந்தக் கோட்டில் பார்ப்பது? புறப்படச் சொல்லும் சிவப்பு விளக்குகள் அணைந்தன. பதினான்கு கார்களும் ஒரே வாயாகக் கத்திக்கொண்டு கிளம்பின, முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது, பிறகு பார்வைக்கு அப்பால் அந்த நீண்ட சாலை, காற்று அவற்றின் சத்தத்தையே தள்ளிக்கொண்டு போனது. கண்ணை மூடினால் கேட்கும். ஒரு இஞ்சின் அடங்கிக் கியர் இறங்கியது. பின்னாலேயே இரண்டாவது. மூன்றாவது அடங்க வேண்டும். மூன்றாவது இன்னும் கத்துகிறது, இன்னும், இல்லை, அடங்கிவிட்டது, அது மூன்றாவதா நான்காவதா, இரண்டும் ஒன்றாகவா, ஒன்பது மீட்டர் என்பது கால் நொடியில்கூட வராது, காதால் எப்படி அளப்பது, பிரேக் சத்தமா டயர் சத்தமா, ஒரு கிறீச்சிடல், அது யாருடையது? கண்ணைத் திறந்தாள். தொட்டிக்குப் பின்னாலிருந்து முதல் கார் வந்தது. இரண்டாவது. ஒரு வெள்ளைக் கார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பச்சை, நான்கு சக்கரமும் தாரின்மேல்.

விட்ட மூச்சு யாருடையது என்று பார்த்தால் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார், மடக்கிய குடையோடு.

“ஒரு இடம் போச்சுங்க” என்றார். “நூறுலயா பிடிச்சான்?”

“தெரியலீங்க சார்.”

“வெள்ளைக் காரு உள்ள புகுந்தப்ப விட்டுக்கொடுத்துட்டானே. அது பயங்களா, புத்திங்களா?”

“தெரியலீங்க.”

அவர் கொஞ்சம் காத்திருந்தார். வழக்கமாக அவளிடமிருந்து ஒரு எண் வரும். வரவில்லை. கார்கள் நேர்ச்சாலைக்கு வந்தன. பச்சைக் கார் அவர்களைக் கடந்தபோது இருவரின் தலையும் சேர்ந்து திரும்பியது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பெயரைத் தேடி, ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாகக் கூடாரத்துப் பக்கம் நடந்தார். சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“வணக்கமுங்க. அந்த விசயம்… ஆமாங்க, காலையில பேசினது… வேண்டாங்க. இல்லீங்க, உங்க பையன்மேல ஒண்ணும் இல்ல, இவன்மேலயும் ஒண்ணும் இல்லீங்க. தப்பு எங்க பக்கம்.” எதிர்முனையில் கேட்கவில்லை போலும். கார்கள் மறுபடி அந்த நீண்ட சாலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன, வசுமதி அந்தப் பக்கம் காதைக் கொடுத்திருந்தாள். “எங்க பக்கம்னேன்!” என்று அவர் கத்தினார்.